பாம்பு வேடம் சின்ன வேடமா?

ஈரோட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய 9 வயது மகள், ஊரில் உள்ள இளையோர் நாடகக் குழு இந்தக் கோடை விடுமுறையில் போடவிருக்கும் காலிங்கராயன் வாய்க்கால் நாடகத்தில் முதன்முதலாக நடிக்கிறாள். வாய்க்காலுக்கு வழிகாட்டிய பாம்பின் வேடம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. 40 நிமிட நாடகத்தில் அவளுக்கு நான்கே வசனங்கள். கிரீடம் வைத்துக்கொண்டு பவானித் தாயாக வரப்போகும் தோழியைப் பார்த்து அவள் முகம் வாடுகிறது, வீட்டிலோ பாட்டி, “போயும் போயும் எம்பட பேத்திக்குப் பாம்பு வேசமா?” என்று வருந்துகிறார். இயல்பிலேயே கூச்சப்படும் குழந்தையை வீட்டில் எப்படித் தயார் செய்வது, மேடையில் வசனம் மறந்துபோனால் என்ன செய்வது, குழுவை நம்பி அனுப்பலாமா என்பவை அவருடைய மற்ற கேள்விகள்.

கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோடை விடுமுறைதோறும் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டு வருகிறேன். அந்த அனுபவத்தில் நான் உறுதியாக நம்பும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முதன்முறை மேடையேறும் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதைவிடக் கேட்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவசியம். மனப்பாடம் நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. சிறு வகுப்பிலிருந்தே செய்யுளும் குறளும் ஒப்பித்துப் பழகியவர்கள். எதிரில் நிற்பவர் பேசும்போது காதையும் கண்ணையும் அவரிடம் கொடுத்து நிற்பதுதான் அவர்களுக்கு எளிதில் வருவதில்லை. தன் முறை வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முறை வந்ததும் வசனத்தை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, மறுபடியும் கூரையைப் பார்க்கப் போய்விடும் குழந்தையைப் பள்ளி ஆண்டு விழாக்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வசனத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிசகியிருக்காது. ஆனாலும் பார்க்கிறவர் மனதில் ஒன்றும் ஒட்டாது.

நம் வீடுகளில் அப்பிச்சியோ அமுச்சியோ, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவோ பாட்டியோ, கதை சொன்னால் பிள்ளைகள் ‘உம்’ கொட்ட வேண்டும். ‘உம்’ நின்றால் கதையும் நின்றுவிடும்; “தூங்கிட்டயா கண்ணு?” என்று கேட்டுவிட்டுத்தான் மேலே சொல்வார்கள். உடுக்கை அடித்துக் கதை பாடும் உடுக்கடிப் பாட்டிலும் இதே முறைதான். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றிய அண்ணன்மார் கதையை இரவெல்லாம் பாடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து, அவர் விட்ட இடத்தில் அடியை வாங்கிப் பாடிக் கதையைத் தாங்கிப் பிடிப்பார். அவருடைய காது கூர்மையாக இல்லாவிட்டால் முன்பாட்டுக்காரர் எவ்வளவு வல்லவராக இருந்தாலும் பாட்டு தள்ளாடிவிடும். உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது இந்த இரண்டாமவருடைய வேலையைப் போன்ற வேடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில், பவானி ஆறு காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னால் அணை கட்டி, அங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்துக்குக் கொங்கு நாட்டுத் தலைவன் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இன்றைக்கும் 15,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்குப் பாய்ந்துகொண்டிருக்கிறது. அந்த வாய்க்கால் நேராகப் போவதில்லை; நிலத்தின் வாட்டத்தை அனுசரித்து வளைந்து வளைந்து போகிறது. அந்த வளைவுகளுக்கு நம் முன்னோர் சொல்லி வைத்த காரணம்தான் பாம்புக் கதை. எந்தப் பக்கமாக வெட்டுவது என்று தெரியாமல் காலிங்கராயன் திகைத்து நின்றபோது ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழிகாட்டியது என்றும், அது போன தடத்திலேயே வாய்க்கால் வெட்டப்பட்டது என்றும் சொல்கிறார்கள். ஆகவே, பாம்பு இல்லாமல் அந்தக் கதையில் வாய்க்காலே கிடையாது. உங்கள் மகளிடம் “சின்ன வேடமாக இருந்தாலும் பரவாயில்லை” என்று ஆறுதல் சொல்வதைத் தவிருங்கள். அந்த ஆறுதலே வேடம் சின்னது என்று அவளுக்கு உறுதிப்படுத்திவிடும். அதற்குப் பதிலாக ஒரு காலை வேளையில் அவளை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் சென்று, கரைச் சாலையோடு கொஞ்ச தூரம் நடந்து, ஒரு வளைவு முடிந்து அடுத்த வளைவு தொடங்கும் இடத்தில் நின்று, இடது கைப் பக்கம் என்ன, வலது கைப் பக்கம் என்ன, தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேடையில் எந்த இடத்தில் உடலை வளைக்க வேண்டும் என்று இயக்குநர் சொல்லும்போது, அது வெறும் அசைவாக இல்லாமல் அவள் கண்ணால் பார்த்த வாய்க்காலாகவே அவளுக்குத் தெரியும்.

பெரும்பாலும் அந்தக் காட்சி எப்படி அமைந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. பாம்பு முன்னால் போகும். பின்னால் காலிங்கராயனும், அவருக்குப் பின்னால் மண்வெட்டியும் கூடையும் ஏந்திய பிள்ளைகளும் வரிசையாக வருவார்கள். பாம்பு விரைந்து போய்விட்டால் வரிசை அறுந்துவிடும். தயங்கி நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். முன்னால் போகிறவள் அடிக்கடி திரும்பிப் பார்க்கவும் கூடாது. வழி தெரிந்த பாம்பு எதற்காகத் திரும்பிப் பார்க்கப் போகிறது? அப்படியானால் பின்னால் வரும் காலடிகளைக் காதால் மட்டுமே கேட்டு, அதற்கேற்பத் தன் வேகத்தை அவள் வைத்துக்கொள்ள வேண்டும். நாடகத்தில் உள்ள வேடங்களிலேயே கடினமான வேலை இதுதான் என்று நான் சொல்வேன். கூர்மையாகக் கேட்கிறவரைப் பாம்புச்செவி என்று சொல்வது நம் வழக்கம். பாம்புக்கு வெளியே தெரியும் காது இல்லையென்றாலும், தரையின் அதிர்வைத் தாடையெலும்பின் வழியாக அது உணர்ந்துகொள்கிறது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட ஒரு தகவல் கையில் கிடைத்தால் போதும், வேடம் அவர்களுடையதாகிவிடும்.

பாட்டியின் வருத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீ பார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வேடங்களை அடுக்கி வைத்துப் பார்த்த காலத்து நாடகங்களைப் பார்த்தோ கேட்டோ வளர்ந்தவர்களுக்கு, கிரீடம் இருந்தால்தான் அது வேடம். அவரிடம் படுகளத்தை நினைவூட்டிப் பாருங்கள். அண்ணன்மார் கோயில் திருவிழாக்களில், கதையில் வீரர்கள் போரில் மாண்டு விழுந்ததை நினைத்துப் படுகளம் விழுகிறவர்கள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மண்ணில் அசையாமல் கிடக்கிறார்கள். ஆனால் அவர்களை எழுப்பும்வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது வழிபாடு, அதை நாடகத்தோடு ஒப்பிடுவதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் பேசாமல் கிடப்பவர்மேல் ஓர் ஊரின் கண்ணெல்லாம் குவிய முடியும் என்பது கொங்கு நாட்டுப் பாட்டிகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய செய்தியன்று.

இனி வீட்டுப் பயிற்சி. முதல் வேலையாக, மகளுடைய நான்கு வசனங்களை மட்டும் அடிக்கோடிட்டுக் கொடுக்காமல் முழு நாடகத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு பாம்பு சொல்வதுபோல அந்தக் கதையை அவளுடைய சொந்தப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். “நான் புத்துக்குள்ள இருந்தேன், ஒரு ஆளு அழுவற சத்தம் கேட்டுச்சு” என்று அவள் தொடங்கினாலும் திருத்தாதீர்கள். நாடகத்தில் இல்லாத அந்தப் புற்றையும் அழுகையையும் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். அதன் பிறகு வசனம் தானாக நிற்கும்.

வசனம் பழகும்போது உங்கள் வேலை மற்றவர்களுடைய வசனங்களை வாசிப்பது மட்டுமே. அவள் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் சொல்லிக் காட்டவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பெற்றோர் சொல்லிக் காட்டிய ஏற்ற இறக்கத்தோடு ஒத்திகைக்கு வரும் குழந்தை அந்த ராகத்தை விடுவதற்கு எனக்கு இரண்டு வாரம் பிடிக்கிறது. சில குழந்தைகள் கடைசிவரை விடுவதே இல்லை. தனக்கு முந்தையவர் பேசும் கடைசிச் சொல் எது என்பதை மட்டும் அவள் தெரிந்துகொண்டால் போதும். காலிங்கராயன், “இந்த மேட்டைத் தாண்டித் தண்ணீர் எப்படிப் போகும்?” என்று கேட்டு முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘போகும்’ என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் அவள் வாய் திறக்க வேண்டும். ஓரிரு நாள் கழித்து அதே வசனத்தை நீங்கள் சற்றே மெதுவாக, அடுத்த நாள் கோபமாக, அதற்கடுத்த நாள் களைத்துப்போனவர் மாதிரி வாசித்துப் பாருங்கள். அவள் பதிலும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறினால் அவள் கேட்கிறாள் என்று அர்த்தம். எல்லா நாளும் ஒரே மாதிரி வந்தால் அவள் இன்னும் ஒப்பிக்கிறாள். அதற்காகக் கண்டிக்க வேண்டாம். இருவரும் ஆளுக்கு ஒரு முனையில் அமர்ந்து பூக் கட்டிக்கொண்டோ, அவரை உரித்துக்கொண்டோ அதே வசனங்களைப் பேசிப் பாருங்கள். கைக்கு வேலை இருந்தால் வாய்க்கு ராகம் போட நேரமிருக்காது.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். கண்ணாடி முன்னால் நின்று பழகச் சொல்லாதீர்கள். அது அவளைத் தன்னையே பார்த்துக்கொள்ளப் பழக்கும். கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டுவதும் அதே காரணத்தால் கூடாது. விருந்தாளிகள் வந்தால், “அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டு சாமி” என்று நடுவீட்டில் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. கூச்சப்படும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மேடையில் இருக்கும் வேடமும் விளக்கும் தோழர்களும் அந்த நடுவீட்டில் அவளுக்குத் துணை நிற்பதில்லை.

குரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். “சத்தமாகப் பேசு” என்று சொன்னால் குழந்தை கத்தும், கத்தினால் சொல் உடையும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையனின் வீடும் அவன் அப்பாவின் விசைத்தறிக் கூடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. தறியோடும் சத்தத்துக்கு மேலே பேசியே வளர்ந்தவன் என்பதால், “அம்மா, தண்ணி வேணும்” என்பதைக்கூட ஊருக்கு அறிவிப்பதுபோலத்தான் சொல்வான். அவன் குரல் கடைசி வரிசையைத் தாண்டிப் போயிற்று, ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவனைக் களத்தின் ஒரு கோடியில் நிறுத்தி, மறுகோடியில் அவன் தங்கையை உட்காரவைத்து, அவள் மடியில் ஒரு பூனைக்குட்டி தூங்குவதாக வைத்துக்கொண்டு, குட்டி விழிக்காமல் தங்கைக்கு மட்டும் கேட்கும்படி பேசு என்று சொன்னேன். மூன்றாம் நாள் அவன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பத் தொடங்கினான். கத்தாமலே அத்தனையும் மறுகோடியில் விளங்கியது. உங்கள் மகள் இதற்கு நேரெதிராக மெல்லப் பேசுகிறவளாக இருக்கலாம். அவளுக்கும் இதே களம், இதே தூரம் பொருந்தும்.

வசனத்தின் முடிவை விழுங்குவது இன்னொரு குறை, இது தமிழில் பெரிய குறை. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. ஆம் என்பதும் இல்லை என்பதும் அந்தக் கடைசி எழுத்துகளில்தான் முடிவாகிறது. “இந்தப் பக்கம் தண்ணீர் போ…” என்று மூச்சு தீர்ந்து குரல் இறங்கிவிட்டால், போகுமா, போகாதா என்பது அவையில் யாருக்கும் தெரியாது. வழிகாட்டும் பாம்பு அந்த ஒரு சொல்லை விழுங்கினால் கதையே குழம்பிவிடும். ஆகவே வசனத்தின் நடுவில் ஓரிடத்தில் மூச்சு எடுத்துக்கொள்ளச் சொல்லி, கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வைக்கப் பழக்குங்கள்.

வட்டார வழக்கில் பேசலாமா என்றும் சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. எழுதியவர் எந்த நடையில் எழுதியிருக்கிறாரோ அந்த நடைதான் விடை. ஆனால் ஊர் மக்களாக வரும் பிள்ளைகளின் வாயிலிருந்து ‘வாங்க’, ‘போங்க’, ‘ஏனுங்க’ என்பவற்றைப் பிடுங்கிவிட்டுப் பாடநூல் தமிழைத் திணிக்கும் இயக்குநர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காலிங்கராயனின் மண் பவானிக் கரை மண். அங்கே மண்வெட்டி பிடித்தவர்கள் இப்போது அந்தப் பிள்ளைகள் பேசும் பேச்சுக்கு நெருக்கமாகத்தான் பேசியிருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வதில் குழந்தைகளுக்கு ஒரு பெருமிதம் வருகிறது.

உங்கள் மகள், வள்ளி-முருகன் கதையைப் பாடிக் கூட்டமாக ஆடும் வள்ளி கும்மி வகுப்புக்குப் போயிருந்தால் பாதி வேலை முடிந்தது என்றே சொல்லலாம். கொங்கு நாட்டு ஊர்களில் இப்போது சிறு பிள்ளைகள்கூட அதில் சேர்கிறார்கள். ஆண்களே ஆடி வந்த அந்தக் கலையில் பெண்களையும் சேர்த்துப் பயிற்றுவித்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அது சொந்த வீட்டுச் செய்தியாக இருந்தது. முன்னால் போகிறவரின் அடியையும் பின்னால் வருகிறவரின் அடியையும் சேர்த்துக் கணக்கு வைத்து ஆடும் அந்தப் பழக்கம் பாம்பு வேடத்துக்கு அப்படியே உதவும்.

ஒத்திகைகளைப் பற்றி: முதல் இரண்டு நாள் அவள் அழுதால் பதறாதீர்கள். புதிய ஆட்கள், புதிய இடம், பெரிய பிள்ளைகளின் கூச்சல் எல்லாம் சேர்ந்த அழுகை அது. ஆறேழு ஒத்திகைக்குப் பிறகும் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னால், அன்றைக்கு அனுப்பாமல் உட்காரவைத்துக் கேளுங்கள். காரணம் பெரும்பாலும் நாடகமாக இருக்காது, அங்கே இருக்கும் ஒரு ஆளாகவோ ஒரு சொல்லாகவோ இருக்கும். இதை நான் என் தவற்றிலிருந்து கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வசனத்தை மறந்து மறந்து நின்றபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், “உன்னால மத்தவங்க எல்லாரும் நிக்கறாங்க” என்று சொல்லிவிட்டேன். அவன் மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டபோது கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் வெளியே வரவே இல்லை. அதன் பிறகு ஒத்திகையில் யார் தடுமாறினாலும் காட்சியை நிறுத்தாமல், முந்தைய வசனம் பேசியவரை மறுபடி பேசச் சொல்வது மட்டுமே என் வழக்கமாயிற்று. உங்கள் மகளின் குழுவில் தடுமாறும் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதை ஒரு நாள் ஓரமாக அமர்ந்து கவனியுங்கள். குழுவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்த ஓர் இடத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளைக் கசக்கித்தான் நடிகராக்க முடியும் என்ற எண்ணம் நமக்குப் பழைய பாலர் நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் 1918இல் சேர்ந்தபோது, பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகரான டி.கே. சண்முகத்துக்கு வயது 6. பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, உண்டு, உறங்கி, பாட்டும் வசனமும் பயின்ற காலம் அது. அந்தப் பயிற்சியிலிருந்து மகத்தான கலைஞர்கள் வந்தார்கள் என்பதும், சண்முகமும் அவருடைய சகோதரர்களும் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களே 1944இல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்று ஒரு மாநாடு கூட்டினார்கள் என்பதும் நமக்குப் பெருமை. ஆனால் அங்கே நாடகம் பிழைப்பு. உங்கள் மகளுக்கு அது விடுமுறைக் காலத்தில் பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யும் ஒரு காரியம். அளவுகோல் வேண்டுமானால் சட்டத்தையே பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகள், திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் நடிக்கும் குழந்தையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது என்கின்றன. சம்பளத்துக்கு நடிப்பவர்களுக்கே அதுதான் உச்சவரம்பு என்றால், ஊர் நாடகத்தில் 9 வயதுக் குழந்தைக்கு ஒன்றரை மணி நேர ஒத்திகை தாராளம். சித்திரை, வைகாசி வெயிலில் ஈரோட்டுப் பக்கம் தகரக் கூரைக்கு அடியில் நண்பகல் ஒத்திகை வைத்தால் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

குழுவிடம் இன்னும் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர்கள் இருவராவது இருப்பார்களா, பெண் குழந்தைகள் உடை மாற்றத் தனியறையும் அங்கே ஒரு பெண்ணும் உண்டா, ஒத்திகை முடிந்ததும் யாரிடம் குழந்தையை ஒப்படைப்பார்கள், படங்களை வெளியிடுவதற்கு முன் உங்களைக் கேட்பார்களா என்பவையே முக்கியமானவை. இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கும் குழுவாக இருந்தால் அனுப்ப வேண்டாம். நல்ல குழு நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடும். சங்கடமாக எதுவும் நடந்தால் உங்களிடம் சொல்லலாம் என்பதோடு, 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும் என்பதையும் மகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மேடையில் மறந்துவிட்டால் என்ன செய்வது? நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: நின்ற இடத்திலேயே நில், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார், மூச்சை மெல்ல வெளியே விடு. எதிரில் இருப்பவர் தன் வசனத்தை வேறு விதமாக ஒருமுறை சொல்வார். பெரும்பாலும் அப்போது வந்துவிடும். வராவிட்டால் வசனத்தை விட்டுவிட்டு அடுத்த செயலுக்குப் போய்விடலாம். பாம்பு பேசாமல் வழிகாட்டினாலும் காலிங்கராயன் பின்னால் வரத்தான் போகிறார். அவையில் இருப்பவர்கள் கையில் நாடகப் பிரதி இல்லை. விடுபட்டது எது என்று அவர்களுக்குத் தெரியாது. இதை வீட்டிலேயே ஒரு நாள் வேண்டுமென்றே செய்து பாருங்கள்: நீங்கள் காலிங்கராயனாக இருந்து வசனத்தை மறந்துவிட்டதுபோல நில்லுங்கள், அவள் உங்களைக் காப்பாற்றட்டும். பிறரைக் காப்பாற்றத் தெரிந்த குழந்தைக்குத் தன் மறதி அவ்வளவு பெரிய பயமாக இருப்பதில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் வரிசையில் உட்காராதீர்கள். ஒரு நாடகத்தில் கன்றுக்குட்டியாக நடித்த பையனின் தாய் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். மகனுடைய வசனம் வரும்போதெல்லாம் அவருடைய உதடுகளும் அசைந்தன. இரண்டாவது வசனத்தில் பையன் அதைக் கண்டுகொண்டான். அதற்குப் பிறகு அவன் தாய்ப்பசுவாக நடித்த சிறுமியைப் பார்க்கவே இல்லை. நாடகம் முடியும்வரை தன் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு பேசினான். அந்தச் சிறுமி அவன் தோளைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். கழுத்து மட்டும் திரும்பியது, கண் திரும்பவில்லை. நடு வரிசையில், இருட்டில் உட்காருங்கள். கைப்பேசியை உயர்த்திப் பிடிக்காதீர்கள். அதன் வெளிச்சம் உங்கள் முகத்தை அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்றைய நாளுக்கான ஏற்பாடுகள் எளியவை. உடையை அதற்கு முன்பே இரண்டு ஒத்திகைகளிலாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும். பாம்பு என்றால் வால் இருக்கும், வால் இருந்தால் பின்னால் வருகிறவர் மிதிக்கும் வாய்ப்பும் இருக்கும். ஊர்ந்து போகும் காட்சியாக இருந்தால் முழங்காலுக்கு உள்பக்கம் தடித்த துணிப்பட்டை வைத்துத் தையுங்கள். ஒப்பனைச் சாயத்தை முந்தைய நாளே முன்கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லை என்று தெரிந்த பின் முகத்துக்குப் போடலாம்; நாடகம் முடிந்ததும் கூத்துக் கலைஞர்கள் செய்வதுபோலத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்தால் சாயம் இறங்கிவிடும், சோப்பைப் போட்டுத் தேய்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு முன் இட்லியோ இடியாப்பமோ போதும். “பயப்படாதே” என்று சொல்லாதீர்கள். கை சில்லிட்டு நெஞ்சு படபடத்தால், “எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பாதத்தைத் தரையில் அழுத்தி நில்லு கண்ணு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நாடகம் முடிந்து அவள் ஓடி வரும்போது, பாராட்டும் குறையும் உங்கள் வாயில் முந்திக்கொண்டு வரும். இரண்டையும் அடக்கிக்கொண்டு, “பின்னாடி வர்றவங்க சத்தம் உனக்குக் கேட்டுச்சா?” என்று கேளுங்கள். அவள் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள், இப்போது ‘உம்’ கொட்டுவது உங்கள் முறை. மறுநாளோ அதற்கு மறுநாளோ அவள் சோர்ந்து, காரணமில்லாமல் சிணுங்கினால் வியப்படைய வேண்டாம். ஒன்றரை மாதம் கூடவே இருந்த கூட்டம் திடீரென்று கலைந்துபோனதன் வெறுமை அது. உடையைத் துவைத்து மடித்துக் குழுவிடம் அவள் கையாலேயே கொடுத்து வரச் சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் படிப்பவளாக இருந்தால், 2022 முதல் நடந்துவரும் கலைத் திருவிழாவில் நாடகமும் உண்டு என்பதை ஆசிரியரிடம் கேட்டு வைக்கலாம். ஆனால் அதை அவளிடம் உடனே சொல்லி அவசரப்படுத்த வேண்டாம்.

பாட்டிக்கும் ஒரு வேலை இருக்கிறது. திருஷ்டி சுற்றிப் போடுவதை அவரே பார்த்துக்கொள்வார். அதற்கு முன்னால், இப்போதிருந்தே, வீட்டுப் பயிற்சியில் அவரைக் காலிங்கராயனாக்கிவிடுங்கள். வசனத்தை நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், தம் பேச்சிலேயே அவர் சொல்லிக்கொள்வார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வாசலில் பேத்தி முன்னால் போக, அவர் பத்தடி பின்னால் நடக்கட்டும். சில நேரம் வேகமாக, சில நேரம் நின்று நின்று நடக்கச் சொல்லுங்கள். ஆத்தா எத்தனை அடி பின்னால் வருகிறார் என்பதைப் பேத்தி திரும்பிப் பார்க்காமலே சொல்ல வேண்டும்.